சுவரில் மாட்டிய சிவப்பு உருளை போதுமா?

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக அனுசரிக்கப்படுவது. இதையொட்டிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கடலூர் கூத்தப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் 18 வீடுகள். கீழே வண்டி நிறுத்தம், மேலே மூன்று மாடி. தீயணைப்புக் கருவி வாங்கச் சங்கத்தில் முடிவாகிவிட்டது. 9 கிலோவில் இரண்டு போதும் என்கிறார் ஒருவர். வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?

9 கிலோ வேண்டாம். அந்த 9 கிலோ உள்ளே இருக்கும் பவுடரின் எடை மட்டும்தான். இரும்பு உருளையையும் சேர்த்தால் நன்றாகவே கூடும். பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும்தான். அவர்களால் தூக்கிக்கொண்டு ஓட முடிகிற அளவு 4 கிலோ ஏபிசி பவுடர் கருவி. மாடிக்கு ஒன்று வாங்கிப் படிக்கட்டு முகப்பில் மாட்டுங்கள். எந்த வீட்டு வாசலிலிருந்தும் 15 மீட்டருக்குள் கை எட்ட வேண்டும். மரம், துணி, காகிதம், பெட்ரோல், கேஸ் எல்லாவற்றுக்கும் இது உதவும். மின்சாரம் ஓடும் இடத்திலும் அடிக்கலாம்.

மீட்டர் போர்டுக்கு மட்டும் கார்பன் டை ஆக்சைடு கருவி, 4.5 கிலோவில் ஒன்று. பவுடரும் அந்தத் தீயை அணைத்துவிடும். ஆனால் படிந்த பவுடர் ஈரத்தை இழுத்துச் செம்பையும் இணைப்புகளையும் அரித்துவிடும். கடலோர ஊரில் இது சீக்கிரமே நடக்கும். கார்பன் டை ஆக்சைடு அடித்த இடத்தில் எதுவும் மிஞ்சாது. அடிக்கும்போது அகன்ற கறுப்புக் குழலைக் கையால் பிடிக்காதீர்கள். வாயு வெளியேறும்போது அது உறைந்துபோகும், தோல் ஒட்டிக்கொண்டு புண்ணாகும். கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும். அடித்த பிறகு அந்தச் சின்ன அறைக்குள் நிற்காதீர்கள், மூச்சு முட்டும்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு 6 கிலோ ஏபிசி இரண்டு. ஒன்று நுழையும் பக்கம், ஒன்று வெளியேறும் பக்கம். பின்சுவரில் மாட்டினால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும். இத்தோடு மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு திருகு இணைப்பு வைத்து, கடைசி வண்டி வரை எட்டுகிற தோட்டக் குழாய் ஒன்றையும் சுற்றி வையுங்கள். செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று இதை விட்டுவிடாதீர்கள். கருவி பத்துப் பதினைந்து விநாடியில் தீர்ந்துபோகும். தண்ணீர் அப்படித் தீராது.

ஆக மொத்தம் ஆறு கருவிகள். உருளையில் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காவலாளி அறைக்குள் பூட்டி வைக்கும் வழக்கம் பல அடுக்ககங்களில் உண்டு. திருட்டுக்குப் பயந்து செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் சாவியைத் தேடும் அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு ஸ்கூட்டர் தீ நாலு ஸ்கூட்டர் தீயாகிவிடும். மணல் வாளியின் அடிப்பகுதியை உருண்டையாகச் செய்வது, பூட்டாமலே அதைக் காப்பாற்றத்தான். தரையில் நிற்காத வாளியை வீட்டு வேலைக்கு யாரும் எடுத்துப் போக மாட்டார்கள்.

நாலு வருடம் முன்பு வாங்கிய கருவியில் முள் இன்னும் பச்சையில்தான் நிற்கிறது. ரீஃபில் செய்தே ஆக வேண்டும் என்கிறார் வந்த ஆள். ஏமாற்றுகிறாரா? — வாசகர், நெல்லிக்குப்பம்

ஏமாற்று இல்லை. பச்சை முள் உள்ளே காற்றழுத்தம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பவுடர் எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வருடக்கணக்காக ஒரே இடத்தில் தொங்கும் கருவியில் பவுடர் அடியில் இறுகி, மழைக்காலத்து உப்பு ஜாடி போலக் கட்டிகட்டியாகிவிடும். கைப்பிடியில் செருகியிருக்கும் பின்னை (ஊசியை) இழுத்து அமுக்கினால் புஸ்ஸென்று காற்று மட்டும் வரும், கூடவே ஒரு பிடி பவுடர். அதோடு சரி.

மாதம் ஒருமுறை சுவரிலிருந்து எடுத்துத் தலைகீழாகப் பிடியுங்கள். அடிப்பாகத்தை உள்ளங்கையால் நாலு தட்டு தட்டிக் காதருகே வைத்தால், பவுடர் சரசரவென்று இறங்கும் சத்தம் கேட்க வேண்டும். கையிலும் எடை நகர்வது தெரியும். இரண்டும் இல்லையென்றால் இறுகிவிட்டது. அடுத்து நாசிலை உற்றுப் பாருங்கள். குளவிக்கு அந்தத் துவாரம் என்றால் கொள்ளை ஆசை, மண் கூடு கட்டிவிடும். அடி வளையத்தில் துரு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். கடற்காற்று முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். பவுடர் உருளைக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை உண்டு. கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு 5 வருடம். அதில் முள்ளே கிடையாது, தராசில்தான் பார்க்க வேண்டும். வாயுவின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்ப அனுப்பிவிடுங்கள்.

ஏமாற்று வேறு இடத்தில் நடக்கும். உருளையைத் திறக்காமலே துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதைத் தடுக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. அனுப்புவதற்கு முன் நீங்களே காலி செய்துவிடுங்கள். காலி மனையில் ஒரு தகரத் தட்டில் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, குடியிருப்பில் இதுவரை கருவியைத் தொட்டே பார்க்காதவர்கள் கையில் கொடுங்கள். காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி எட்டடி தள்ளி நிற்க வேண்டும். பின்னை இழுத்த பிறகு, சுடரின் உச்சியை விட்டுவிட்டு அடியைக் குறிவைத்து இடமும் வலமும் பெருக்குவதுபோல் அடிக்க வேண்டும். பின்னை இழுக்கும்போதே கைப்பிடியையும் சேர்த்து அமுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் பின் சிக்கி வெளியே வராது. இதை ஒரு தடவை கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். காலியான உருளையைக் கடையில் எடை போட்டுவிட்டு, திரும்பி வந்ததும் மறுபடி எடை போடுங்கள். 4 கிலோ கருவியானால் வித்தியாசம் 4 கிலோ இருக்க வேண்டும்.

பாதி அடித்துவிட்டு ‘இன்னும் மிச்சமிருக்கிறது’ என்று மாட்டி வைப்பதும் கூடாது. வால்வில் மாட்டிக்கொண்ட பவுடர் அதைச் சரியாக மூட விடாது. இரண்டு மூன்று நாளில் முள் சிவப்புக்கு வந்துவிடும்.

இரவில் கேஸ் வாடை வந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அப்படிப் போட்டது தவறு என்கிறாள் மகள். — வாசகி, முத்தியால்பேட்டை

மகள் சொல்வது சரி அம்மா. சுவிட்சைப் போட்டாலும் பொறி வரும், அணைத்தாலும் வரும். எரிந்துகொண்டிருந்த விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும், ஓடுகிற ஃபேன் ஓடட்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தண்ணீர் மாதிரி தரையில் பரவும். அதனால் ஜன்னலைத் திறப்பதைவிட வாசல் கதவைத் திறப்பதுதான் முதல் வேலை. காற்றில் 2 சதவீதத்தை ஒட்டிக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் தரைமட்டத்தில் இருக்கிறது, நடுராத்திரியில் தானாகவே ஓடத் தொடங்கும். யாரும் எதையும் தொடாத வீட்டிலும் விடியற்காலையில் வெடிப்பதற்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அணைக்கலாம், உள்ளே இருந்தால் தொட வேண்டாம். செல்போனையும் தெருவுக்கு வந்த பிறகே எடுங்கள். 1906 என்ற எண்ணில் கேஸ் கசிவுக்கென்றே எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

ரெகுலேட்டர் வாயில் தீ பிடித்துவிட்டால் சிலிண்டரைச் சாய்க்காதீர்கள், இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். சாய்ந்தால் திரவமாகவே கொட்டும், தீ பல மடங்காகும். தண்ணீர் சொட்டச் சொட்ட நனைத்த கோணிச் சாக்கைக் கேடயம்போல முன்னால் பிடித்துக்கொண்டு போய் மேலே போர்த்துங்கள். அதே கையோடு ரெகுலேட்டர் குமிழைத் திருப்பி மூடுங்கள். மூட முடியாது என்று தெரிந்தால் தீயை அணைக்கவே வேண்டாம். எரிகிற கேஸ் கண்ணுக்குத் தெரியும். அணைந்த பின் கசிகிற கேஸ் அறையெல்லாம் நிரம்பி வெடிக்கும். தூரத்திலிருந்து சிலிண்டர்மேல் தண்ணீரை அடித்துக் குளிர வையுங்கள், ஆட்களை அப்புறப்படுத்துங்கள், 101-ஐக் கூப்பிடுங்கள்.

சிலிண்டர் வாங்கும்போது மூடியைக் கழற்றி உள்ளே கறுப்பு வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் குமிழ் வரக் கூடாது. கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி எழுத்தில் ஒன்றும் இரண்டு இலக்க வருடமும் இருக்கும். ‘பி 28’ என்றால் 2028 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அடுத்த சோதனை. அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்பை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால்? — வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி, எண்ணெயைக் கூரை வரை தீயோடு வீசும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியைவிடப் பெரிய தட்டு ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். அரை மணி நேரம் திறக்காதீர்கள். எண்ணெய் சூடாகவே இருந்தால் திறந்ததும் மறுபடி பற்றும். பஜ்ஜிக் கடை வைத்திருப்பவர்கள் சட்டிக்குப் பொருந்தும் இரும்பு மூடி ஒன்றை அடுப்புக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் ஆணியில் மாட்டி வையுங்கள்.

எங்கள் தெருவில் முப்பது கூரை வீடுகள். கீற்றும் கரும்புத் தோகையும்தான் கூரை. வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கருவி வாங்கிப் பயன் உண்டா? — இளைஞர் மன்றத்தினர், கடலூர் வட்டம்

கருவி இரண்டு வாங்கி வையுங்கள். அடுப்படியில் தொடங்கும் சின்னத் தீயை அது பிடிக்கும். கூரைக்கு ஏறிய தீயிடம் அதன் வேலை நடக்காது. பவுடர் மேல்சுடரை அடக்கும், தோகைக்குள் கனிந்துகொண்டிருக்கும் நெருப்பு மறுநொடி எழும். கூரைத் தீக்கு வேண்டியவை தண்ணீர், துரட்டி, ஆள்.

எரிகிற வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்து வெளியே கொண்டுவந்துவிட்டால், பிறகு அந்தக் கூரையை விட்டுவிடுங்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும். முழுதாகப் பற்றிய கீற்றுக் கூரை சில நிமிடத்தில் உள்ளே விழுந்துவிடும், அதன்மேல் ஊற்றுகிற குடத் தண்ணீரால் பலன் இல்லை. காப்பாற்ற முடிவது அடுத்த வீட்டை. காற்று போகிற திசையில் இருக்கும் இரண்டு மூன்று கூரைகளை முதலில் நனையுங்கள். தீப்பொறி எதிர்க்காற்றில் வராது, ஆனால் காற்றோடு போனால் ஒரு வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில்கூட விழும். மேல்காற்று வீசுகிற நாளில் ஒவ்வொரு கூரை முகட்டையும் பார்த்துக்கொண்டே நிற்க ஒருவரை நிறுத்துங்கள். நனைக்க நேரமில்லை என்றால் நடுவிலுள்ள ஒரு கூரையைத் துரட்டியால் இழுத்துத் தள்ளி இடைவெளி உண்டாக்க வேண்டும். பதினைந்து அடி மூங்கில் கழியில் கொல்லரிடம் அடித்த இரும்புக் கொக்கி, இரண்டு. தெருவின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். எந்த வீட்டுக் கூரையை இழுப்பது என்ற சண்டை தீயின் நடுவே வரக் கூடாது. ஊர்க் கூட்டத்திலேயே பேசி, இழந்தவருக்குக் கூரை போட்டுக் கொடுப்பது ஊர் பொறுப்பு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு இருநூறு லிட்டர் டிரம் நாலு, ஒவ்வொன்றோடும் சங்கிலி போட்ட வாளி இரண்டு. கொசு வராமல் மூடி போடுங்கள். பக்கத்தில் வயல் மோட்டார் இருந்தால், தெருவரைக்கும் எட்டும் சுருட்டுக் குழாயை வாங்கி மோட்டார் கொட்டகையிலேயே வைத்துவிடலாம். முப்பது வீட்டுக்கும் பங்கு போட்டால் பெரிய செலவாகாது.

தீப் பிடிக்காமல் பார்ப்பதில் மூன்று விஷயம். அடுப்புக்கு நேர் மேலே கூரையின் அடியில் ஒரு தகரம் கட்டுங்கள், அதற்கும் கீற்றுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு. வீட்டுக்குள் வரும் வயரைக் கீற்றில் செருகாமல் பிவிசி குழாய்க்குள் விட்டு மரத்தூணோடு இறக்குங்கள். எலி கடித்த வயரும், கூரையை உரசுகிற குண்டு பல்பும் தீப் பிடிக்கக் காரணமாகும். வீட்டுக்கு ஒரு எம்.சி.பி. (அளவு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கட்டும். வைக்கோல் போரை வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்.

தீ தானாக அணைந்துவிட்டாலும் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நிவாரணத்துக்குத் தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது அந்தப் பதிவு கைகொடுக்கும்.

வெயிலுக்காக மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறோம். பரவாயில்லையா? — வாசகர், லாஸ்பேட்டை

ராக்கெட் வந்து விழும் முதல் இடம் அது. தீபாவளிக்கு முன் பிரித்துவிடுங்கள், அல்லது அந்த இரண்டு நாளும் நனைத்தே வைத்திருங்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் கொட்டகை இருக்கக் கூடாது. பழைய பேப்பர், டயர், சிலிண்டர் எதையும் அதன் அடியில் போடாதீர்கள். டியூஷன் நடத்துவதற்கோ பிள்ளைகளைப் படுக்க வைப்பதற்கோ மட்டும் கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனது கீற்றுக் கூரையின் கீழ், குறுகிய ஒற்றைப் படிக்கட்டு வழியில்.

மின்சார ஸ்கூட்டரைப் படிக்கட்டுக்கு அடியில்தான் சார்ஜ் போடுகிறோம். வேறு இடமில்லை. — வாசகர், மஞ்சக்குப்பம்

வேறு இடம் தேடியே ஆக வேண்டும். அந்த பேட்டரி பற்றினால் மேல்மாடிக்காரர்கள் இறங்கி வருகிற ஒரே வழியில் நச்சுப் புகை நிறையும். வாசல் பக்கம் திறந்தவெளியில், கூரை போட்ட சுவரோரம் போதும். தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), எர்த் எடுத்த 16 ஆம்பியர் பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. ஓட்டி வந்த சூட்டோடு போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். உப்பியிருந்தாலோ, கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ சர்வீஸில் காட்டாமல் சார்ஜ் போடாதீர்கள்.

லித்தியம் பேட்டரியில் தீ உள்ளுக்குள் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவும். பவுடர் அடித்தால் சுடர் அடங்கும், சூடு அடங்காது, சில நிமிடத்தில் மறுபடி எழும். பிளக்கின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தூரத்தில் நின்று நிறையத் தண்ணீர் அடிப்பதுதான் வழி. வெள்ளைப் புகையைச் சுவாசிக்காதீர்கள்.

உடலில் தீ பட்டால் பற்பசை, பேனா மை, மாவு எது நல்லது? — வாசகி, பண்ருட்டி

மூன்றும் கூடாது. ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். துவைத்த வெள்ளைத் துணியால் தளர்வாக மூடி 108-ஐக் கூப்பிடுங்கள். புடவையில் தீ பிடித்தவர் ஓட ஓடத் தீ வளரும். தரையில் படுக்க வைத்துப் பருத்திப் போர்வை அல்லது ஜமுக்காளத்தால் மூடி உருட்டுங்கள்.

ரெட்டிச்சாவடிக்கும் கன்னியக்கோவிலுக்கும் நடுவே எல்லையில் இருக்கிறோம். 101 போட்டால் யார் எடுப்பார்கள்? எங்கள் சந்தில் வண்டியும் நுழையாது.

எல்லையோரத்தில் உங்கள் செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்விடலாம். அதனால் ‘தீ, தீ’ என்று கத்துவதற்கு முன், ‘கடலூர் மாவட்டம்’ அல்லது ‘புதுச்சேரி’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். பிறகு ஊர், தெரு, பெரிய அடையாளம் ஒன்று, எரிவது என்ன, உள்ளே ஆள் இருக்கிறார்களா, திரும்பக் கூப்பிட உங்கள் எண். எதிர்முனையில் இருப்பவர் வைக்கும் வரை நீங்கள் வைக்காதீர்கள். 101 கிடைக்கவில்லையென்றால் 112. இரு பக்கமும் அருகிலுள்ள நிலையத்தின் தரைவழித் தொலைபேசி எண்ணை இன்றே நேரில் போய்க் கேட்டு வாங்கிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டுங்கள். தீயணைக்க வரும் வண்டிக்குக் கட்டணம் கிடையாது, அந்தத் தயக்கத்தில் தாமதிக்க வேண்டாம்.

வழக்கமான தண்ணீர் வண்டியில் சுமார் 4,500 லிட்டர் இருக்கும். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடத்திலேயே காலி. சந்துக்குள் வராத வண்டியிலிருந்து குழாயை நீட்டித்தான் அடிப்பார்கள். அதற்கு வழியில் கிடக்கும் பைக், மணல் குவியல், பந்தல் கால் எல்லாம் அவர்கள் வருவதற்குள் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒருவர் சாலை முனையில் டார்ச்சோடு நின்று கையைக் காட்டட்டும். இன்னொருவர் அடுத்த தண்ணீர் எங்கே என்று சொல்லத் தயாராக இருக்கட்டும்: வண்டி பக்கத்தில் போய் நிற்க முடிகிற குளம், கிணறு, அல்லது மோட்டார் கொட்டகையும் அதன் சாவியும்.